டோக்கியோவில் தொகுத்த ஆங்கிலம்

'டெல் மீ தி மீனிங்' சரி. 'எக்ஸ்ப்ளெயின் மீ தி மீனிங்' தவறு. 'ஆஸ்க்டு மீ டு கோ' என்று எழுதலாம், 'சஜஸ்டட் மீ டு கோ' என்று எழுதக் கூடாது. 'டிஸ்கஸ்' என்ற வினைக்குப் பின்னால் 'அபவுட்' போட்டால் வாத்தியார் சிவப்பு மையால் சுழிப்பார். 'டாக்' என்றால் அதே 'அபவுட்'டைக் கேட்டு வாங்குவார். ஏன் இப்படி என்று இங்கிலாந்தில் பிறந்தவரிடம் கேட்டால் உதட்டைப் பிதுக்குவார். பசி ஏன் 'எடுக்கிறது', தூக்கம் ஏன் 'வருகிறது' என்று நம்மைக் கேட்டால் நாமும் அதைத்தான் செய்வோம்.

கேள்வி வெளியிலிருந்து வர வேண்டியிருந்தது. எந்த வினை எந்தப் பெயரோடு சேரும், நடுவில் எந்த பிரிபொசிஷன் நிற்கும் என்று ஆங்கிலத்துக்கு வரிந்து கட்டிக்கொண்டு பட்டியல் போட்ட பெரிய முயற்சிகளில் ஒன்று, இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் ஜப்பானில் நடந்தது.

அங்கே அதற்கு அவசியம் இருந்தது. ஜப்பானிய மொழியிலும் தமிழைப் போலவே வினை கடைசியில் வரும். உருபுகள் பெயருக்குப் பின்னால் ஒட்டும். ஆங்கிலம் இதற்கு நேர் எதிர். மெய்ஜி பேரரசர் காலத்துப் பாடநூல்கள் சிலவற்றில் ஆங்கிலச் சொற்களுக்கு 1, 2, 3 என்று எண் போட்டிருப்பார்கள். கண் அந்த எண் வரிசையில் முன்னும் பின்னும் தாவித் தாவிப் போனால் ஜப்பானிய வாக்கியம் கிடைத்துவிடும். சீன நூல்களைப் படிக்கப் பல நூற்றாண்டுகளாகக் கையாண்ட உத்தியின் மிச்சம் அது. படித்துப் புரிந்துகொள்ள இது போதும். சொந்தமாக ஒரு வரி எழுத உட்கார்ந்தால்தான் வண்டி நின்றுவிடும்.

இந்தச் சிக்கலை முதலில் கையில் எடுத்தவர் ஓர் ஆங்கிலேயர் அல்லர். செண்டாய் நகரத்தில் 1866-ல் பிறந்த சைட்டோ ஹிதேசபுரோ ஜப்பானை விட்டு வெளியே காலெடுத்து வைக்காதவர். பிரிபொசிஷன்களுக்கென்றே தனி நூல் எழுதினார். 1915-ல் அவர் வெளியிட்ட ஆங்கில-ஜப்பானிய அகராதியில் தனிச் சொல்லைவிடச் சொற்சேர்க்கைக்கே முதலிடம். டோக்கியோவில் மேலைநாட்டுக் குழு ஒன்று ஷேக்ஸ்பியர் நாடகம் போட்டபோது, குடித்துவிட்டுப் போய் உட்கார்ந்து நடிகர்களின் ஆங்கிலம் சரியில்லை என்று சத்தம் போட்டார் என்று அவரைப் பற்றி ஒரு கதை உண்டு. நடந்ததோ இல்லையோ, அவருடைய மாணவர்கள் நம்பக்கூடிய கதைதான்.

1922-ல் ஹெரால்டு பாமர் என்ற ஆங்கிலேயர் டோக்கியோவுக்கு வந்து சேர்ந்தார். இவர் பட்டம் வாங்கிய பேராசிரியர் இல்லை. கென்ட் மாவட்டத்துக் கடலோர ஊரான ஹைத்தில் அப்பாவின் பத்திரிகையில் வேலை பார்த்தவர். பிறகு பெல்ஜியத்தின் வெர்வியே நகரத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தார். 1914-ல் ஜெர்மானியப் படை உள்ளே நுழைந்தபோது ஊருக்குத் தப்பி வந்தார். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஒலியியல் அறிஞர் டேனியல் ஜோன்ஸின் துறையில் இடம் கிடைத்தது. அங்கிருந்துதான் ஜப்பானியக் கல்வித் துறை அவரை ஆலோசகராக அழைத்துக்கொண்டது. 1923-ல் ஆங்கிலம் கற்பித்தலை ஆராய ஒரு நிறுவனம் தொடங்கினார். அதே ஆண்டு செப்டம்பர் 1-ல் நிலநடுக்கமும் தீயும் டோக்கியோவின் பெரும்பகுதியைத் தின்றுவிட்டன. நிறுவனத்தின் வேலை நிற்கவில்லை.

பாமர் முதலில் எல்லாரையும் போலச் சொற்களைத்தான் எண்ணிக்கொண்டிருந்தார். மாணவனுக்கு முதலில் எத்தனை சொல் வேண்டும், எந்தெந்தச் சொல் என்பதுதான் அன்றைய ஆராய்ச்சி. இறங்கிப் பார்த்தபோதுதான் சிக்கல் சொல்லில் இல்லை என்று தெரிந்தது. 'டேக்' தெரியும், 'கேர்' தெரியும், 'ஆஃப்' தெரியும். ஆனால் 'டேக் கேர் ஆஃப்' மூன்றையும் கூட்டிப் பார்த்துக் கிடைப்பதில்லை. துண்டு துண்டாகக் கோக்க முடியாமல், அப்படியே முழுதாக மனத்தில் ஏற்ற வேண்டிய சேர்க்கைகளை அவர் 'கொலொகேஷன்' என்றார். 1933-ல் நிறுவனத்தின் பத்தாவது ஆண்டு மாநாட்டில் ஆங்கில ஆசிரியர்கள் முன் ஒரு தொகுப்பை வைத்தார்கள். 'இரண்டாம் இடைக்கால அறிக்கை' என்று அடக்கமான தலைப்பு. உள்ளே ஆயிரக்கணக்கான சேர்க்கைகள், அவற்றின் அமைப்பைப் பார்த்து வகை வகையாகப் பிரிக்கப்பட்டிருந்தன. வாசிக்கச் சுவையான புத்தகம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பின்னால் வந்த மாணவர் அகராதிகள் பல இந்தக் கிடங்கிலிருந்துதான் எடுத்துச் செலவழித்தன.

இந்த வேலையில் பாமருக்குத் தோள் கொடுத்தவர் ஏ. எஸ். ஹார்ன்பி. கியூஷூ தீவின் ஓய்ட்டா நகரத்து வணிகக் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் கற்பிக்க வந்த, இங்கிலாந்தின் செஸ்டர் ஊர்க்காரர். இலக்கியத்துக்கு முன் மாணவர்களுக்கு வேண்டியது மொழி என்பது வகுப்பில் நின்றதும் புரிந்துவிட்டது. 1936-ல் பாமர் ஊர் திரும்பினார். அடுத்த ஆண்டே ஹார்ன்பி, கேட்டன்பி, வேக்ஃபீல்டு மூவரும் ஓர் அகராதிக்குப் பிள்ளையார் சுழி போட்டார்கள்.

அதுவரை ஆங்கில அகராதி என்பது படிக்கும்போது தெரியாத சொல்லைத் தேடுவதற்கு. இவர்களுடையது எழுதுகிறவனுக்கு. பெயர்ச்சொல் ஒவ்வொன்றின் பக்கத்திலும் எண்ணக்கூடியதா, எண்ண முடியாததா என்று ஒற்றை எழுத்துக் குறி இருக்கும். 'அட்வைஸ்', 'ஃபர்னிச்சர்' ஆகியவற்றுக்கு வாலில் 'எஸ்' ஒட்டுகிற கையை அந்தக் குறி தடுக்கும். வினைச்சொற்களுக்கு எண். வினை அமைப்புகளை மொத்தம் 25 வகையாகப் பிரித்து, எந்த வினை எந்தெந்த அமைப்பில் வரும் என்று எண்ணால் காட்டினார்கள். 'வான்ட்'டுக்குப் பின்னால் ஆளையும், அதன் பின் 'டு' சேர்ந்த வினையையும் வைக்கலாம் என்று எண் சொல்லும். 'சஜஸ்ட்'டிடம் அந்த எண் இருக்காது. அவ்வளவுதான். இலக்கண விளக்கம் ஒன்றும் இல்லாமலே தவறு பிடிபட்டுவிடும்.

இதற்குள் போர் வந்துவிட்டது. 1941 டிசம்பரில் பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்டதும் ஹார்ன்பி எதிரி நாட்டுக் குடிமகன் என்று காவலில் வைக்கப்பட்டார். ஆங்கிலத்துக்குப் 'பகைவர் மொழி' என்று பெயர் விழுந்தது. பேஸ்பால் ஆட்டத்தின் ஆங்கிலச் சொற்களைக்கூடப் பிறகு களைந்தார்கள். அதே டோக்கியோவில் 1942-ல் கைதகுஷா என்ற பதிப்பகம் இந்த ஆங்கில அகராதியை அச்சிட்டு வெளியிட்டது. அந்த ஆண்டே ஹார்ன்பி ஜப்பானை விட்டு அனுப்பப்பட்டு, பிரிட்டிஷ் கவுன்சில் வேலையில் ஈரானுக்குப் போனார். போர் முடிந்த பிறகு, ஜப்பானியப் பதிப்பின் பக்கங்களையே படமெடுத்து 1948-ல் ஆக்ஸ்ஃபோர்டு அச்சகம் புதுப் பெயரில் கொண்டுவந்தது. இன்று நம் பிள்ளைகள் கையில் இருக்கும் ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லெர்னர்ஸ் டிக்‌ஷனரியின் பூர்வீகம் இதுதான்.

இதே காலத்தில் டாக்காவில் மைக்கேல் வெஸ்ட் வங்காள மாணவர்களுக்காக வேறு திசையில் போய்க்கொண்டிருந்தார். 1935-ல் அவர் வெளியிட்ட அகராதி வெறும் 1,490 சொற்களைக் கொண்டு சுமார் 24,000 பதிவுகளுக்குப் பொருள் சொன்னது. லாகூரில் ஆங்கிலம் கற்பித்துவிட்டு லண்டன் திரும்பிய ஜே. ஆர். ஃபர்த், 1950-களில் 'கொலொகேஷன்' என்ற சொல்லை மொழியியல் கோட்பாட்டுக்குள்ளேயே உட்கார வைத்தார். ஆர்டனின் தமிழ் இலக்கண நூலுக்கு 1934-ல் தமிழ் உச்சரிப்பு பற்றி ஒரு குறிப்பு எழுதிச் சேர்த்தவரும் இவரே. ஆசிய வகுப்பறைகளைப் பார்க்காமல் இருந்திருந்தால் இவர்களுக்கு இந்தக் கேள்விகள் தோன்றியிருக்குமா என்பது சந்தேகம்தான்.

அன்றைய சென்னை மாநிலத்துக்கு இந்த மரபு அகராதியாக மட்டும் வரவில்லை, பயிற்சி வகுப்பாகவும் வந்தது. 1959-ல் தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் சுமார் 27,000 பேருக்கு ஆங்கிலம் கற்பிக்கும் முறையைச் சொல்லிக்கொடுக்கும் திட்டம் தொடங்கியது. முதலில் சிலருக்குப் பயிற்சி, அவர்கள் மாவட்டம் மாவட்டமாகப் போய் மற்றவர்களுக்குப் பயிற்சி என்று அது பெருகியதால் 'மெட்ராஸ் ஸ்னோபால்' என்று பெயர் வந்தது. பனியே விழாத ஊருக்குப் பனியுருண்டை! கற்பித்த முறை, வாக்கிய அமைப்புகளை எளிதிலிருந்து கடினத்துக்கு அடுக்கி, ஒவ்வொன்றாகப் பழக்குவது. 'தேர் இஸ் எ புக் ஆன் தி டேபிள்' என்று சொல்லிப் புத்தகத்தை மேசைமேல் வைப்பது, 'ஐ ஆம் வாக்கிங் டு தி டோர்' என்று சொல்லிக்கொண்டே கதவை நோக்கி நடப்பது. பாமர் தன் மகள் டொரொத்தேயுடன் சேர்ந்து, செய்கைகள் மூலம் ஆங்கிலம் கற்பிப்பது பற்றி 1925-லேயே டோக்கியோவில் புத்தகம் போட்டிருந்தார். கட்டத்துக்குள் சொற்களை மாற்றி மாற்றிப் போட்டு வாக்கியம் அமைக்கும் சப்ஸ்டிட்யூஷன் டேபிளுக்கு அவர் எழுதிய நூல் அதற்கும் முந்தையது; 1916.

பழக்கினால் மொழி வந்துவிடுமா? வராது என்றார் சென்னையில் பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றிய என். எஸ். பிரபு. அமைப்புகளை அடுக்கிக் கற்பிப்பதை விட்டுவிட்டு, ரயில் கால அட்டவணையையும் வரைபடத்தையும் கொடுத்துக் கணக்குப் போடச் சொல்லும் வகுப்புகளை 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை உள்ளிட்ட ஊர்களின் சில பள்ளிகளில் நடத்திக் காட்டினார். பொருளில் மனம் ஊன்றினால் அமைப்பு தானே படியும் என்பது அவர் வாதம்.

ஏறக்குறைய அதே ஆண்டுகளில் பர்மிங்காமில் ஜான் சின்க்ளேரின் குழு லட்சக்கணக்கான சொற்களைக் கணினியில் ஏற்றி, 1987-ல் கோபில்டு அகராதியை வெளியிட்டது. 'ஹேவ்', 'டேக்', 'மேக்' முதலிய வினைகள் பெரும்பாலான இடங்களில் தமக்கென்று கனமான பொருள் இல்லாமல் பின்னால் வரும் பெயரைச் சுமந்துகொண்டு நிற்பதைக் கணினி கண்முன் கொட்டியது. 'ஹேவ் எ லுக்'கில் பார்வைதான் செய்தி. 'ஹேவ்' வெறும் காவடித் தண்டு. டோக்கியோக்காரர்கள் கையால் திரட்டியபோது சந்தேகப்பட்டதற்கு இப்போது எண்ணிக்கைச் சான்று கிடைத்தது.

ஹார்ன்பியின் 25 எண்களுக்கு மட்டும் ஆயுசு கெட்டியாக இல்லை. அவற்றை முகப்புப் பக்கங்களில் போய்ப் பார்த்துத் திரும்பி வரும் பொறுமை மாணவர்களுக்கு இருக்கவில்லை. அகராதியின் 1989 பதிப்பில் எண்கள் போய் எழுத்துக் குறிகள் வந்தன. அடுத்தடுத்த பதிப்புகளில் அவையும் எளிதாக்கப்பட்டன. ஒவ்வொரு வினைக்கும் கீழே போட்ட எடுத்துக்காட்டு வாக்கியங்கள் அப்படியே தங்கின.