பழைய ஜீப்புகளின் பாடி மீட்டமைப்பு

பழைய வில்லிஸ், மஹிந்திரா ஜீப்புகளில் பிற்காலத்தில் வெட்டப்பட்ட, நீட்டப்பட்ட, துருவேறிய தகடுகளை நீக்கி, ஆலையிலிருந்து வந்த வடிவத்துக்கு மீட்கும் பட்டறை வேலை. தமிழகத்தில் இது டிங்கர் வேலையின் ஒரு பகுதி. 2021-க்குப் பின் இதற்குச் சட்ட முக்கியத்துவமும் ஏற்பட்டது.

பின்னணி

அமெரிக்க ராணுவம் கேட்ட இலகு வாகனத்தின் முதல் மாதிரியை 1940-ல் பேண்டம் நிறுவனம் கொடுத்தது. பெருமளவில் தயாரித்தவை வில்லிஸ், ஃபோர்டு நிறுவனங்கள். போர் முடிவதற்குள் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகள் உருவாயின. இந்தியாவில் மஹிந்திரா சகோதரர்களும் மாலிக் குலாம் முகமதுவும் 1945-ல் தொடங்கிய நிறுவனம் 1948-ல் மஹிந்திரா அண்ட் மஹிந்திரா ஆனது. வில்லிஸ் பாகங்களை வரவழைத்துப் பம்பாயில் பூட்டத் தொடங்கியது. சிஜே-3பி மாதிரியின் உயர்ந்த பானெட் அழகுக்காக வந்ததல்ல. புதிய எஞ்சின் உயரமானது, அதை மூட வேறு வழியில்லை. இம்மாதிரி அமெரிக்காவில் 1968-ல் நின்ற பிறகும் இந்தியாவில் நெடுங்காலம் தயாரானது.

வெட்டும் துருவும்

ஜீப்பின் எடையைத் தாங்குவது சேசிஸ். பாடி அதன்மேல் போல்ட்டால் பூட்டிய தகரத் தொட்டி மட்டுமே. ஆகவே பாடியை எங்கே வெட்டினாலும் வண்டி ஓடும். பின்னாளில் வந்த எம்151 ராணுவ வண்டிக்குத் தனிச் சேசிஸ் இல்லை. அது எளிதில் கவிழ்ந்ததால் அமெரிக்க ராணுவம் துண்டாக வெட்டியே கழித்தது.

போர்க்கால ஜீப்பின் பின்புறம் மூடிய தகடு. ஆட்கள் ஏறி இறங்க அது வெட்டப்பட்டது. பெட்ரோல் எஞ்சினுக்குப் பதிலாக டீசல் எஞ்சினை வைக்கும்போது எஞ்சினுக்குப் பின்னுள்ள தடுப்புத் தகடும் பானெட்டும் இடம் விட்டன. பெரிய டயருக்காக மட்கார்டு வளைவுகள் அகன்றன. தேனியிலிருந்து இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குத் தொழிலாளர்களை ஏற்றிச் செல்லும் ஜீப்புகள் நன்கறியப்பட்டவை. உட்கார இடம் கூடினால் கூலி கூடும் தொழிலில் மூல வடிவத்தைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. மணிலாவின் ஜீப்னிகளும் இப்படிப் போர் ஜீப்புகளை நீட்டிப் பிறந்தவையே. இன்று உலகெங்கும் மீட்டமைப்போர் வாங்கும் புதிய ஜீப் பாடிகளில் பல பிலிப்பைன்ஸில் தயாராகின்றன என்பது வேடிக்கை.

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி பகுதியில் இன்னொரு எதிரி உண்டு. பச்சைத்தோல் அழுகாமலிருக்க உப்பு இடப்படுகிறது. உப்புநீர் கசியும் தோலை ஏற்றும் எந்த வண்டியின் தளத்தகடும் சீக்கிரம் அரிக்கும். உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்வதால் மழை நின்ற பிறகும் துரு நிற்பதில்லை. போர்க்கால ஜீப்புகளில் தளத்துக்கு அடியிலுள்ள தொப்பி வடிவச் சட்டங்களுக்குள் மரக்கட்டை செருகப்பட்டிருந்தது. அது நனைந்து ஊறி, தகட்டை உள்ளிருந்தே தின்னும். வெளியே பெயின்ட் பளபளக்கும், ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் உள்ளே போகும்.

மீட்கும் முறை

முதலில் பாடி முழுவதும் சுரண்டப்படுகிறது. பழைய பட்டி கனமாக இருக்குமிடம் பெரும்பாலும் பழைய வெட்டு. பாடியைச் சேசிஸிலிருந்து கழற்றுமுன் கதவுத் திறப்புகளின் குறுக்கே இரும்புக் கம்பி பற்றவைக்க வேண்டும். தவறினால் தொட்டி முறுக்கிக்கொள்ளும், பிறகு எந்த அளவும் பொருந்தாது. வெட்டாத இன்னொரு ஜீப்பிலிருந்து அட்டையில் அச்சு எடுத்து, நல்ல தகடு வரும்வரை துருவை வெட்டி நீக்கி, புதுத் தகடு விளிம்போடு விளிம்பாகப் பொருத்தப்படுகிறது. மெல்லிய தகடாதலால் ஒரே கோடாகப் பற்றவைத்தால் வெப்பத்தில் நெளியும். அங்கங்கே புள்ளியிட்டு, ஆறவிட்டு இணைப்பதே முறை. மேலே ஒட்டுத்தகடு வைப்பது சுலபம், ஆனால் இரு தகடுகளுக்கிடையே தேங்கும் ஈரம் சில மழைக்காலங்களில் வேலையை வீணாக்கிவிடும்.

சட்டம்

2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், கேரள உயர் நீதிமன்றத் தீர்ப்பை மாற்றி, தயாரிப்பாளரின் மூல விவரக்குறிப்புக்கு மாறாக வாகனத்தை மாற்றக் கூடாது எனக் கூறியது. 2021 ஜூலையில் மத்திய அரசு பழங்கால வாகனங்களுக்குத் தனிப் பதிவு விதிகளைக் கொண்டுவந்தது. வண்டி முதற்பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்திருக்க வேண்டும். சேசிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், செல்லுபடி 10 ஆண்டு. வண்டியை மாநிலக் குழு பரிசோதிக்கும்.

பிழைப்புக்காக வெட்டப்பட்ட ஜீப்புகளுக்கு இங்கேதான் சிக்கல். வெட்டியதற்கான காரணத்தை விதி கேட்பதில்லை. அதனால் மீட்டமைப்போர் துருத்தகட்டை வெட்டுமுன் ஒவ்வொரு நிலையையும் படமெடுத்து, நீக்கிய துண்டுகளைக்கூடப் பரிசோதனை முடியும்வரை பட்டறையில் வைத்திருப்பது நல்லது.