ஆடு புலி ஆட்டம்: கல்லில் கோடு இருக்கு, விதி எங்கே?

1/ நேற்று வார்டில் ஒரு தாத்தாவுக்கும் பேரனுக்கும் பஞ்சாயத்து. ஒரு ஆட்டை வெட்டுன புலி, அதே ஓட்டத்தில் இன்னொன்னையும் வெட்டலாமா? தீர்ப்பு சொல்ல என்னைக் கூப்பிட்டாங்க 😀

2/ 23 புள்ளி, 3 புலி, 15 ஆடு. ஆட்டைத் தாண்டி நேர்கோட்டில் காலிப் புள்ளிக்குக் குதித்தால் வெட்டு. புலிகளை நகரவிடாமல் அடைத்தால் ஆடுகளுக்கு வெற்றி. இதுவரை சண்டையில்லை.

3/ சண்டை இங்கதான்: தொடர் வெட்டு உண்டா? வாய்ப்பிருந்தும் புலி வெட்டாமல் விடலாமா? ஊருக்கு ஒரு பதில். கட்டாயம் வெட்டணும்னா, ஒரு ஆட்டைக் காவு கொடுத்துப் புலியை மூலைக்கு இழுக்கலாம். ஆட்டமே மாறிடும்!

4/ காரணம்? பழைய கோயில் கல்தளங்களில் கட்டத்தைச் செதுக்கினாங்க, விதியைச் செதுக்கலை. அது வாய்வழியாவே வந்தது. நேபாளத்தில் இதன் உறவுக்கார ஆட்டம் பாக் சால்: 25 புள்ளி, 4 புலி, 20 ஆடு.

5/ 1974-ல் அமெரிக்காவில் வந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டுக்கு விதிப் புத்தகமே உண்டு. அதிலும் போர் விதிகளில் குழப்பம். ஆட்டத்தை நடத்துபவர் சொல்வதே தீர்ப்பு. நமக்கு நடுவர் கிடையாது. காய் வைக்கும் முன்பே பேசிடணும்.

6/ என் தீர்ப்பு: தாத்தா சொல்லச் சொல்ல பேரன் நோட்டில் எழுதணும். மருந்தை எழுதாமல் வாயால் சொன்னால் என்னாகும்னு எங்களுக்குத் தெரியும்.

உங்க வீட்டுப் பெரியவங்க விதி என்ன? இன்னைக்கே கேட்டு எழுதி வைங்க. நாளைக்குக் கேட்க ஆள் இருக்கணுமே.