செருகும் கணமும் அதன் பிறகான நாட்களும்: குழந்தைகளுக்கான சென்ட்ரல் லைன் பாதுகாப்பு வளர்ந்த வரலாறு

சென்ட்ரல் லைன் எனப்படும் மைய சிரைக் குழாயின் வரலாற்றை எழுதுவோர், 1929-இல் தன் கைச் சிரை வழியே இதயம் வரை குழாயைச் செலுத்திக்கொண்ட ஜெர்மானிய மருத்துவர் வெர்னர் ஃபோர்ஸ்மனிடமிருந்து தொடங்குவது வழக்கம். குழந்தைகளின் கதைக்கு அந்தத் தொடக்கம் அவ்வளவாக உதவாது. பிறந்த குழந்தையின் தொப்புள் சிரையில் குழாய் செலுத்தி இரத்தம் மாற்றும் முறையை 1940களில் பாஸ்டனில் லூயி டயமண்ட் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். வேலை முடிந்ததும் குழாயை எடுத்துவிடலாம். குழாய் வாரக்கணக்கில் உடலுக்குள் தங்க நேர்ந்த பிறகே சிக்கல்கள் பெருகின.

அந்தத் திருப்பம் பிலடெல்பியாவில் நிகழ்ந்தது. சிறுகுடல் ஏறக்குறைய முழுதும் உருவாகாமல் பிறந்த ஒரு பெண் குழந்தைக்கு டக்ளஸ் வில்மோரும் ஸ்டான்லி டட்ரிக்கும் முழு ஊட்டத்தையும் சிரை வழியாகவே கொடுத்தார்கள். 1968-இல் அதை வெளியிட்டார்கள். குழாயைக் கழுத்துச் சிரையில் நுழைத்து, மறுமுனையைத் தோலுக்கு அடியிலேயே காதுக்குப் பின்புறமாகக் கொண்டுபோய் உச்சந்தலைப் பக்கம் வெளியே எடுத்தார்கள். தோலில் இருக்கும் துளைக்கும் சிரையில் இருக்கும் துளைக்கும் இடையில் தூரம் வேண்டும் என்ற எண்ணம் இதில் தெளிவாகத் தெரிகிறது. தடுப்பு முறைகளின் வரலாற்றில் இதற்கு உரிய இடம் இன்னும் தரப்படவில்லை என்றே கருதுகிறேன்.

1973-இல் சியாட்டிலில் ப்ரோவியாக்கும் உடன் பணியாற்றியவர்களும் சிலிக்கோன் குழாயில் டாக்ரான் துணி வளையம் ஒன்றைச் சேர்த்தார்கள். நார்த்திசு அந்த வளையத்துக்குள் வளர்ந்து குழாயைப் பிடித்துக்கொள்ளும். தோல் வழியாகக் கிருமி ஊர்ந்து போகும் பாதையும் அடைபடும். 1979-இல் ஹிக்மன் அந்தக் குழாயையே அகலமாக்கினார். ஆக, அக்காலத்தில் பாதுகாப்பு என்றால் நல்ல குழாய் என்றே பொருள் கொள்ளப்பட்டது.

தொற்று மட்டுமே கேடு அன்று. குழந்தையின் சிரை குறுகலானது. குழாய் அதன் பெரும்பகுதியை அடைத்துக்கொள்வதால் இரத்தம் உறைவது எளிது. குறைமாதக் குழந்தைகளிடம் இன்னொரு ஆபத்தும் உண்டு. நூல் போன்ற மெல்லிய குழாயின் நுனி இதய அறைக்குள் போய்விட்டால், செறிவு மிகுந்த ஊட்டக் கரைசல் சுவரை அரித்து இதய உறைக்குள் கசிந்து இதயத்தை அழுத்தும். இவ்விதம் இறந்த நான்கு குழந்தைகளைப் பற்றி பிரிட்டன் சுகாதாரத் துறை ஆராய்ந்து 2001-இல் அறிக்கை வெளியிட்டது. நுனி இதயத்துக்கு வெளியே நிற்க வேண்டும் என்ற வரையறை அதன் பிறகு வலுப்பெற்றது. கையை அசைத்தாலே நுனி இடம் மாறும் என்பதால், எக்ஸ்ரே எடுக்கும்போது கை எந்த நிலையில் இருக்கிறது என்பதும் கணக்கில் வர வேண்டியதாயிற்று. சிரையைக் கண்டு ஊசி போட அல்ட்ராசவுண்டைப் பயன்படுத்தும்படி 2002-இல் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு பரிந்துரைத்தது. குத்தும்போது நேரும் காயங்களைத் தவிர்ப்பதே அதன் நோக்கம்.

பெரியவர்களின் சிகிச்சையில் பெரிய மாற்றம் 2006-இல் பதிவாயிற்று. பீட்டர் புரோனோவோஸ்டின் வழிகாட்டலில் மிச்சிகன் மாநிலத்தின் 103 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் ஐந்து செயல்கள் வற்புறுத்தப்பட்டன: கை கழுவுதல், உடல் முழுவதையும் மூடும் கிருமிநீக்கிய விரிப்பு, குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினியால் தோலைத் துடைத்தல், தொடைச் சிரையைத் தவிர்த்தல், தேவையற்ற குழாயை எடுத்துவிடுதல். சராசரித் தொற்று ஆயிரம் குழாய்நாட்களுக்கு (ஒரு குழாய் உடலில் இருக்கும் ஒரு நாள் ஒரு குழாய்நாள்) 7.7-இலிருந்து 1.4 ஆக இறங்கியது. ஐந்தில் நான்கு குழாயைச் செருகும் வேளைக்கு உரியவை என்பது கவனிக்கத்தக்கது.

அதே பட்டியலைக் குழந்தைகளிடம் கொண்டுசென்றபோது வேறொன்று தெரிந்தது. மார்லின் மில்லர் குழுவினர் அமெரிக்காவின் 29 குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் செருகும் முறைகளையும் அன்றாடப் பராமரிப்பு முறைகளையும் சேர்த்தே புகுத்தினர். 2010-இல் வெளிவந்த முடிவின்படி தொற்று 5.4-இலிருந்து 3.1 ஆகக் குறைந்தது. குறைவோடு புள்ளியியல்படி தொடர்பு காட்டியது பராமரிப்பு விதிகளைக் கடைப்பிடித்தது மட்டுமே. குழாய்வாயைத் திறக்குமுன் அழுத்தித் தேய்த்துத் துடைப்பது, நனைந்த கட்டுத்துணியை உடனே மாற்றுவது, இன்றும் இந்தக் குழாய் வேண்டுமா என்று நாள்தோறும் கேட்பது போன்றவை அவை. ஏன் இப்படி? குழந்தையிடம் வேறு சிரை கிடைப்பது அரிது. ஆகவே குழாய் நீண்ட நாள் இருக்கும், மருந்துக்கும் இரத்த மாதிரிக்கும் அதே வாய் பலமுறை திறக்கப்படும். ஒவ்வொரு திறப்பும் கிருமிக்கு ஒரு வாய்ப்பு. இந்தக் கண்டுபிடிப்பால் தடுப்பின் சுமை குழாயைச் செருகும் மருத்துவரிடமிருந்து மூன்று ஷிப்டிலும் அதைத் தொடும் செவிலியரிடம் வந்து சேர்ந்தது. அவர்களின் எண்ணிக்கையும் பணிநேரமும் அதே அளவு கவனம் பெற்றனவா என்பது வேறு கேள்வி.

பெரியவர்களுக்கு நல்லதெல்லாம் சிசுவுக்கு நல்லது அன்று என்பதற்குக் குளோர்ஹெக்சிடினே சான்று. அது போவிடோன் அயோடினைவிட மேலானது என்று 1991-இல் டென்னிஸ் மேக்கியின் ஆய்வு காட்டியது. ஆனால் குறைமாதக் குழந்தையின் தோல் மெலிந்தது. மருந்து பட்ட இடம் புண்ணாகலாம். குறைமாதக் குழந்தைகளிடமும் இரண்டு மாதத்துக்குட்பட்ட சிசுக்களிடமும் எச்சரிக்கையுடன் பயன்படுத்தும்படி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2012-இல் அறிவித்தது.

பாதுகாப்பைக் குழாயிலேயே தேடும் பழைய ஆசை இதற்கிடையில் திரும்பி வந்தது; இம்முறை குழாயையே மருந்தில் தோய்த்தார்கள். இங்கிலாந்தில் 14 குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் 1,485 குழந்தைகளிடம் நடந்து 2016-இல் வெளிவந்த கேட்ச் ஆய்வில், ஆன்டிபயாட்டிக் தோய்த்த குழாய் சாதாரணக் குழாயைவிடத் தொற்றைக் குறைத்தது. இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் பூசியது குறைக்கவில்லை. குறைமாதக் குழந்தைகளின் மெல்லிய குழாயில் ரிஃபாம்பிசினும் மைக்கோனசோலும் தோய்த்துப் பார்த்த ப்ரிவெய்ல் ஆய்வு 2019-இல் வந்தது. அங்கே சாதாரணக் குழாய்க்கும் மருந்துக் குழாய்க்கும் தொற்றில் வேறுபாடு தென்படவில்லை.