கோட்டையில் படை, யாருக்குக் காப்பு?

கடலூர் தேவனாம்பட்டினத்தில் இடிந்து கிடக்கும் செயிண்ட் டேவிட் கோட்டையில்தான் 1748இல் ஸ்ட்ரிங்கர் லாரன்ஸ் மெட்ராஸ் படையை ஒழுங்குபடுத்தத் தொடங்கினார். பறையர் பலர் அப்படையில் சிப்பாய்களாக உழைத்தார்கள். பின்னாளில் இங்கே துணை ஆளுநராயிருந்த கிளைவ், 1770இல் ஊனமுற்ற வீரர்களுக்கும் விதவைகளுக்கும் ஒரு நிதி வைத்தார். ஐரோப்பியருக்குத்தான், நம் பாட்டிகளுக்கு அல்ல. அடுத்த நூற்றாண்டின் இறுதியில், 'போர்க்குணச் சாதி' என்ற புளுகு நம்மில் பெரும்பாலோரைப் படையிலிருந்தே ஒதுக்கியது.

ராணுவக் குழுக் காப்பீட்டு நிதியம் வந்தது 1976இல். மாதச் சம்பளத்தில் பிடித்தம் உண்டு, சாதி கேட்பதில்லை. அக்னிவீரருக்குப் பிடித்தமின்றி 48 லட்சம். நான்காண்டுப் பணியோடு அதுவும் முடியும், ஓய்வூதியமும் கிடையாது. சிதம்பரம் பக்கச் சேரிகளிலிருந்து படைக்குப் போகும் தம்பி தங்கைகள் கையெழுத்துப் போடுமுன் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். நிரந்தரப் பணியில் இருப்பவர்கள் திருமணமானதும் நாமினி பெயரைத் திருத்தி, நகலை வீட்டில் கொடுத்து வையுங்கள்.