எதற்கு லிங்க் கொடுக்கலாம், எதற்குக் கூடாது?

கரும்புக்கடையைச் சேர்ந்த கல்லூரி மாணவர் ஒருவர் ஜும்ஆ முடிந்ததும் நம்மிடம் வந்தார். நபி (ஸல்) அவர்களை இழிவுபடுத்தி எவரோ வெளியிட்ட காணொளிக்கு நீண்ட மறுப்பு ஒன்றை எழுதி, தம் சொந்த இணையதளத்தில் போடத் தயாராக வைத்திருந்தார். மறுப்பு நன்றாகவே இருந்தது. அவருக்கு ஒரே ஒரு சந்தேகம். "ஹஸ்ரத், அந்த வீடியோவுக்கு லிங்க் கொடுக்கட்டுமா? கொடுக்கலைன்னா நான் இட்டுக்கட்டிச் சொல்றேன்னு நினைப்பாங்க. கொடுத்தா என் மூலமாவே நாலு பேர் போய்ப் பார்ப்பாங்க."

இந்தச் சங்கடம் இணையத்தோடு பிறந்ததல்ல. ஸப்தா நகரில் காழியாக இருந்து, ஹிஜ்ரி 544இல் மர்ராகுஷில் மறைந்த காழி இயாழ் (ரஹ்) அவர்கள், 'அஷ்ஷிஃபா' நூலின் இறுதிப் பகுதியில் இதற்கென்றே ஒரு தலைப்பை ஒதுக்கியிருக்கிறார்கள். ஒருவன் சொன்ன இழிசொல்லை இன்னொருவர் எடுத்துச் சொன்னால் அவர் நிலை என்ன? அது கடமையாகலாம், விரும்பத்தக்கதாகலாம், வெறுக்கத்தக்கதாகலாம், ஹராமும் ஆகலாம் என்று நான்கு நிலைகளைச் சொல்கிறார்கள். சாட்சி சொல்பவரும் மறுப்பு எழுதுபவரும் ஒரு பக்கம். சபையில் பேச்சு சூடாக இருக்கட்டும் என்று எடுத்துவிடுபவர் மறுபக்கம். இருவர் வாயிலும் வருவது அதே சொல்தான்.

முன்னோர்கள் இதை நடைமுறையிலும் காட்டியிருக்கிறார்கள். இப்னு இஸ்ஹாக்கின் வரலாற்று நூலைச் சுருக்கித் திருத்திய இப்னு ஹிஷாம், சொல்லவே கூசும் சிலவற்றையும், சிலரைப் புண்படுத்தும் சிலவற்றையும் விட்டுவிட்டதாக முன்னுரையிலேயே அறிவித்துவிடுகிறார். விட்டதை மறைக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மொழியறிஞர் அபூஉபைத் அல்காசிம் பின் ஸல்லாம், சொல்லாராய்ச்சிக்காக அரபுகளின் வசைப்பாடல்களை எடுத்தாள வேண்டியிருந்தபோது, வசைபாடப்பட்டவரின் பெயரை எடுத்துவிட்டு அதே யாப்புக்குப் பொருந்தும் வேறு பெயரை வைத்தாராம். பாட்டு ஆய்வுக்கு நின்றது, ஒரு மனிதரின் மானமும் தப்பியது. இட்டுக்கட்டப்பட்ட ஹதீஸைப் பற்றி முஹத்திஸ்களின் விதி இன்னும் கறாரானது: அது பொய் என்பதைச் சேர்த்துச் சொல்லாமல் அறிவிக்கவே கூடாது.

ஆனால் நூலில் எடுத்தாள்வதற்கும் லிங்க் கொடுப்பதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. நூலில் இழிசொல்லுக்குப் பக்கத்திலேயே பதிலும் இருக்கும். லிங்க் என்பது வாசகரை வீட்டுக்கு வெளியே அனுப்பும் கதவு. அவர் போய்ச் சேரும் இடத்தில் நம் பதில் இருக்காது. அதே ஆளின் அடுத்த காணொளிதான் தானாக ஓடத் தொடங்கும். பார்வை எண்ணிக்கை ஏறும், விளம்பரம் இருந்தால் அவனுக்கு வருமானமும் போகும். கூகுள் போன்ற தேடுபொறிகள் ஒரு பக்கத்துக்கு வரும் இணைப்புகளைப் பரிந்துரை போலக் கணக்கிட்டே வளர்ந்தவை. திட்டுவதற்காகக் கொடுத்த இணைப்பும் அந்தக் கணக்கில் சேரும். 2005இல் வந்த 'நோஃபாலோ' குறியீட்டைச் சேர்த்தால், இது பரிந்துரையல்ல என்று தேடுபொறிக்குச் சொல்லலாம். வாசகரின் கால் எங்கே போகும் என்பதை அது தடுக்காது.

2012இல் நடந்தது நினைவிருக்கும். நபியவர்களை இழிவுபடுத்தும் படத்தின் முன்னோட்டம் ஜூலையிலேயே யூடியூபில் ஏறிவிட்டது, சீண்டுவார் இல்லாமல் கிடந்தது. செப்டம்பரில் எகிப்தின் ஒரு மதத் தொலைக்காட்சி அதன் பகுதிகளைக் கண்டித்து ஒளிபரப்பிய பிறகே உலகம் பற்றி எரிந்தது. சென்னையில் அமெரிக்கத் துணைத் தூதரகத்தின் முன்னும் கூட்டம் திரண்டது. கோபம் நியாயமானது. அந்தக் குப்பைக்கு அத்தனை பார்வையாளர்களைத் தேடித் தந்ததில் அந்தக் கண்டனத்துக்கும் பங்கு உண்டு என்பதையும் மறைப்பதற்கில்லை.

அப்படியானால் எதற்குமே லிங்க் கூடாதா? இங்கே நம் கொங்கு மண்ணிலிருந்தே ஓர் எதிர்ச்சான்று. பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' நாவல் 2010இல் வெளிவந்தது. நான்கு ஆண்டுகள் கழித்துத் திருச்செங்கோட்டில் எதிர்ப்பு கிளம்பியபோது, ஊரில் சுற்றியது முழு நாவல் அல்ல, அதிலிருந்து பொறுக்கி நகலெடுத்த சில பக்கங்கள். குழந்தையில்லாத தம்பதியர் படும் ஊர்ப்பேச்சின் கொடுமையைச் சொல்லும் கதை, நகலில் வேறொன்றாகத் தெரிந்தது. 2015 ஜனவரியில் நாமக்கல்லில் நடந்த அமைதிப் பேச்சுக்குப் பிறகு, தமக்குள் இருந்த எழுத்தாளன் செத்துவிட்டான் என்ற பொருளில் அவர் அறிவித்தார். 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. அந்த ஊர் மக்களின் மனக்காயத்தை நாம் எள்ளவில்லை. நம் நபியைத் தொட்டால் நமக்கு வலிப்பதில்லையா? நாம் சொல்வது இதுதான்: ஒரு நூலோடு, ஒரு வாதத்தோடு நமக்குச் சண்டை என்றால் முழு மூலத்தையும் காட்டுவதே நீதி. துண்டை வெட்டி ஒட்டுவது அநீதி. நம்மைப் பற்றிப் பிறர் அப்படிச் செய்யும்போது நாமே இதைத்தானே சொல்கிறோம்?

வாதமே இல்லாத இடம் வேறு. ஒருவரின் உடலும் மானமுமே அங்கே பண்டமாகக் கிடக்கும். 2019 மார்ச் 15 அன்று கிரைஸ்ட்சர்ச்சில் 51 முஸ்லிம்களைக் கொன்றவன், தொழுகையாளிகள் மீது சுட்டதை முகநூலில் நேரலையாக ஓடவிட்டான். முதல் 24 மணி நேரத்தில் 15 லட்சம் பிரதிகளை நீக்கியதாக அந்நிறுவனம் சொன்னது. கொலையாளியின் ஆதரவாளர்கள் மட்டுமா அனுப்பினார்கள்? கண்ணீரோடும் துஆவோடும் நம் கைபேசிகளுக்கும் வந்தது. இறந்தவர்களின் வீட்டார் சம்மதித்தார்களா என்று நம்மில் எத்தனை பேர் யோசித்தோம்? நியூசிலாந்து அதை வைத்திருப்பதையும் பகிர்வதையும் குற்றமாக்கியது.

2021 ஜூலையிலும் 2022 புத்தாண்டன்றும் முஸ்லிம் பெண்களின் படங்களை 'ஏலம்' போட்ட இரண்டு செயலிகளும் இதே வகை. கண்டிப்பதற்காகத் திரைப்பிடிப்பைப் பகிர்ந்தவரும் அந்தச் சகோதரியின் முகத்தை இன்னும் நூறு பேருக்குக் கொண்டுபோனார். அந்தச் செயலிகளின் பெயரே வசை என்பதால் அதையும் இங்கே எழுதவில்லை.

குழந்தைகளைப் பாலியல் ரீதியாகக் காட்டுவதற்கு விதிவிலக்கே இல்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவு, தேடிப் பார்ப்பதையே குற்றம் என்கிறது. 'எச்சரிக்கை' என்று ஜமாஅத் குழுவில் போடுவதும் தவறு. தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் முகவரியைக் கொடுத்துவிட்டு அத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

"நான் எழுதவில்லை, அனுப்பினேன்" என்ற வாதம் நீதிமன்றத்தில் எடுபடாது என்பதற்கு நடிகர் எஸ்.வி.சேகர் வழக்கு உதாரணம். 2018இல் பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்தும் பிறர் பதிவொன்றை முகநூலில் பகிர்ந்தார். எதிர்ப்பு வந்ததும் நீக்கினார். கண்ணில் மருந்து விட்டிருந்ததால் படிக்காமல் பகிர்ந்துவிட்டதாக உச்ச நீதிமன்றம் வரை சொல்லிப் பார்த்தும் வழக்கு ரத்தாகவில்லை. 2024 பிப்ரவரியில் சென்னைச் சிறப்பு நீதிமன்றம் ஒரு மாதச் சிறையும் 15,000 ரூபாய் அபராதமும் விதித்தது.

கோவையில் இருந்துகொண்டு இன்னொன்றைச் சொல்லாமல் விடுவது நேர்மையல்ல. 2017 மார்ச்சில், மத நம்பிக்கையை மறுத்துச் சமூக ஊடகங்களில் எழுதிவந்த இளைஞர் ஒருவர் உக்கடம் பகுதியில் வெட்டிக் கொல்லப்பட்டார். கைதானவர்கள் நம் சமுதாயத்துப் பெயர் உடையவர்கள். அது கொலை, அதற்கு மார்க்கத்தில் இடமில்லை. கோபத்தோடு ஒரு திரைப்பிடிப்பை முன்னனுப்பும்போது, கடைசியில் அது யார் கையில் போய் நிற்கும் என்பது அனுப்பியவருக்குத் தெரியாது. 1997, 98ஐப் பார்த்த ஊர் இது. பெரியவர்கள் இன்றும் வதந்தி என்றால் முகம் வெளிறுகிறார்கள்.

மாணவரிடம் சொன்னது இவ்வளவுதான். "தம்பி, யார் சொன்னார், எப்போது சொன்னார், அவர் வைக்கும் குற்றச்சாட்டு என்ன என்பதை உங்கள் சொந்த வார்த்தையில், குறைக்காமல் எழுதுங்கள். அவர் நூலைக் காட்டி வாதிடும் இடத்தில் அந்த நூலின் பக்கத்தைத் தாராளமாகக் குறிப்பிடுங்கள். வசை மட்டும் இருக்கும் காணொளிக்கு லிங்க் வேண்டாம். கொடுக்கவில்லை என்பதையும், ஏன் என்பதையும் இப்னு ஹிஷாம் மாதிரி வெளிப்படையாகப் போட்டுவிடுங்கள். முகவரியையும் தேதியையும் புகாருக்காகத் தனியே எடுத்து வையுங்கள்."

மூலத்தைச் சரிபார்க்க விரும்புவோர் மின்னஞ்சலில் கேட்கலாம் என்று அவராகவே ஒரு வரி சேர்த்தார். ஒரு மாதத்தில் இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். ஒருவர் கோபி பக்கத்தில் பணிபுரியும் தமிழாசிரியர், முஸ்லிம் அல்லாதவர். மறுப்பில் ஒரு தேதி தவறாக இருப்பதையும் அவர்தான் எடுத்துக்காட்டினார்.