கண்டி வீதியும் கியர்ப் பெட்டியும்

கொழும்பிலிருந்து கண்டிக்கு 72 மைல். அவற்றுட் பெரும்பகுதியை எந்த வண்டியும் அதிக வருத்தமின்றிக் கடந்துவிடும். மாவனல்லைக்கு அப்பால் கடுகண்ணாவைக் கணவாய் தொடங்கும்போதுதான் வண்டியின் தகுதியும் சாரதியின் தகுதியும் ஒருங்கே சோதனைக்கு உள்ளாகின்றன.

கண்டி இராச்சியம் 1815ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் வசமான பின்னர், படைகள் விரைந்து ஏறுதற்கு ஒரு வழி அவர்களுக்குத் தேவைப்பட்டது. 1820இல் ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில் அவ்வேலை தொடங்கிற்று. வழியை வகுத்தவர் கப்டன் டோசன். அவர் பெயரால் 1832இல் எழுப்பப்பட்ட கோபுரம் கடுகண்ணாவையில் இன்றும் நிற்கின்றது. இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியத்தால் அப்பாறைகளை உடைத்த மக்களின் பெயர்களைத் தாங்கிய கோபுரம் எதுவுமில்லை. அவ்வாண்டிலேயே குதிரை பூட்டிய தபால் வண்டி அவ்வழியே ஓடத் தொடங்கியது. 1867இல் புகையிரதமும் கண்டியை அடைந்தது.

மோட்டார் பஸ் வந்தபோது, அதே ஏற்றம் புதியதொரு சிக்கலாக வடிவெடுத்தது. குதிரை களைத்தால் தானே நடையைக் குறைக்கும். எஞ்சினோ குறிப்பிட்ட வேகத்திற்குக் கீழே இறங்கினால் நின்றே போகும். ஆகையால் எஞ்சினுக்கும் சக்கரத்திற்கும் இடையே பல்சக்கரங்களை மாற்றி மாற்றி இணைக்கவேண்டியுள்ளது. ஏற்றத்தின் நடுவே கிளச்சை மிதித்துக் கியரை மாற்றும் அந்தச் சிறு நொடியில் வண்டி தன் வேகத்தை இழக்கும். மாற்றம் பிழைத்தால் ஐம்பது பேரைச் சுமந்த வண்டி பின்னோக்கி நகரும். புசல்லாவைக்கும் ஹேவாஹெட்டைக்கும் போகும் வண்டிகளில் மருத்துவமனைக்குச் செல்லும் தோட்டத் தொழிலாளரும் பள்ளிப் பிள்ளைகளும் இருப்பர். இதனை நினைந்தால், கியர்ப் பெட்டி வெறும் இயந்திரவியற் செய்தியன்று என்பது விளங்கும்.

இச்சங்கடத்தைத் தீர்க்க மேலைநாட்டார் வெகுகாலம் முயன்றனர். எண்ணெயின் சுழற்சியால் வலுவைக் கடத்தும் முறையை ஜெர்மனியரான ஹெர்மன் ஃபோட்டிங்கர் 1905இல் கப்பல்களை மனத்திற்கொண்டு கண்டார். போர் டாங்கியை உருவாக்கியவருள் ஒருவரான வால்ட்டர் வில்சன், கியரை முன்கூட்டியே தெரிந்துவைக்கும் பெட்டியொன்றை அமைத்தார். இவ்விரண்டையும் 1930இல் டெய்ம்லர் கம்பனி ஒன்றாகப் பொருத்திற்று. சாரதி அடுத்து வேண்டிய கியரைச் சிறு நெம்புகோலால் குறித்துவைப்பார். வேண்டிய தருணத்தில் மிதியை ஒருமுறை மிதித்தால், மாற்றம் தானே நிகழும். இன்றைய தானியங்கிக் கியருக்கு இது மூத்த உறவு எனலாம்.

இவ்வுறவினர் இலங்கைக்கும் வந்தனர். 1958 சனவரி முதலாந் திகதி தனியார் பஸ் கம்பனிகள் அரசுடைமையாகி, இலங்கைப் போக்குவரத்துச் சபை பிறந்தது. அச்சபை இலண்டன் நகரம் ஓட்டிக் கழித்த இரட்டைத் தட்டு வண்டிகளை நூற்றுக்கணக்கில் வாங்கிற்று. ஆர்.டி. என்றும் ஆர்.டி.எல். என்றும் பெயர்பெற்ற அவ்வினத்து வண்டிகள் இலண்டனுக்கென ஏறக்குறைய 7,000 கட்டப்பட்டவை. அவற்றின் கியர், அழுத்திய காற்றினால் இயங்கியது. மலைநாட்டின் குறுகிய வளைவுகளிலோ கையால் மாற்றும் கியருடைய ஒற்றைத் தட்டு வண்டிகளே பெரிதும் உழைத்தன. கிளச்சை இருமுறை மிதித்து, எஞ்சினின் ஒலியைச் செவியால் அளந்து கியரை வீழ்த்தும் அந்தச் சாரதிகளின் கைப்பழக்கத்தை ஒரு கலையென்றே சொல்லவேண்டும்.

ஏறிய கியரிலேயே இறங்கு என்பது அவர்களது பழைய விதி. தானியங்கி வண்டிக்கும் இவ்விதி பொருந்தும். அவ்வியந்திரம் தற்போதைய வேகத்தையும் சுமையையும் அறியுமேயன்றி, வளைவுக்கு அப்பால் காத்திருக்கும் சரிவை அறியாது. சரிவு தொடங்குமுன்பே சாரதி அதனைத் தாழ்ந்த கியரில் நிறுத்தவேண்டும். தடையை மட்டும் நம்பி இறங்கினால், அது சூடேறிப் பிடிமானத்தை இழக்கும்.

இதன் பராமரிப்பின் உயிர்நிலை எண்ணெய். நீண்ட ஏற்றத்தில் எண்ணெயின் வழுக்கலே வெப்பமாகிறது. ஆகவே குளிர்விப்பான் அடைபடலாகாது. சமதரையில், எஞ்சின் சூடாக ஓடிக்கொண்டிருக்கும்போது எண்ணெயின் அளவைப் பார்ப்பதே பொதுவான வழக்கம். எண்ணெய் கறுத்துக் கருகல் நாற்றம் வீசினால், உள்ளே தகடுகள் தேய்கின்றன என்பது பொருள். பழுதாகி நின்ற வண்டியை அப்படியே கட்டி இழுப்பதும் தவறு. எஞ்சின் ஓடாதபோது எண்ணெய்ப் பம்பும் ஓடாது. சக்கரத்துக்குச் செல்லும் தண்டைக் கழற்றாமல் இழுத்தால், நெய்ப்பின்றி உட்பாகங்கள் அரைபட்டுப்போகும். வண்டியைத் தள்ளி எஞ்சினை எழுப்பும் நம்மவரின் பழைய வித்தையும் இங்குப் பலிக்காது.

எரிபொருளின் கதை வேறு. இரண்டாம் உலகப் போரில் பெற்றோல் அருகியபோது, தமிழ்நாட்டுப் பஸ்களின் பின்னே கரி அடுப்புகள் முளைத்தன. அக்கரிவாயுவால் எஞ்சின் தன் வலுவில் மூன்றிலொரு பங்கையேனும் இழந்தது. ஏற்றம் வந்தாற் பயணிகள் இறங்கித் தள்ளுவதும் அரிதன்று. பின்வந்த இயற்கை வாயு அவ்வளவு நலிந்ததன்று. டில்லியின் புகையைக் கண்டு இந்திய உச்ச நீதிமன்றம் 1998இல் இட்ட கட்டளையால், 2002 முடிவதற்குள் அந்நகரத்து டீசல் பஸ்கள் இயற்கை வாயுவுக்கு மாறின. வளிமண்டலத்தைப் போல் 200 மடங்கு அழுத்தத்தில் அவ்வாயு உருளைகளில் அடைக்கப்படுகிறது. உருளைகளைக் காலந்தோறும் சோதிப்பதும், இணைப்புகளிற் சவர்க்காரக் கரைசலைப் பூசிக் குமிழி எழுகிறதா என்று பார்ப்பதும் அங்குப் பட்டறையின் அன்றாட வேலை. கசிவைத் தீக்குச்சியாற் பார்க்கத் துணிபவன் பின்னர் எதனையும் பார்க்கமாட்டான்.

கண்டிக்கு இது அயற்செய்தியன்று. நான்குபுறமும் மலை சூழ்ந்த கிண்ணம்போன்ற நகரம் அது. காற்று அசையாத நாட்களில் குளக்கரை வீதிகளின் டீசற் புகை எளிதில் வெளியேறுவதில்லை. எரிவாயுவும் நாட்டுக்கு முற்றிலும் அந்நியமன்று. 2011இல் மன்னார்க் கடற்படுகையில் அது கண்டறியப்பட்டது. ஆயினும் அது இன்னும் கடலடியிலேயே கிடக்கிறது. கண்டி பஸ்கள் டீசலிலேயே கடுகண்ணாவை ஏறுகின்றன.