தங்கவயல் உணர்த்தும் இடுக்கணழியாமை

திருக்குறளின் 62-ஆம் அதிகாரம் ஆள்வினையுடைமை. அதனை அடுத்து நிற்பது இடுக்கணழியாமை. உழைப்பவனுக்கும் துன்பம் வரும் என்னும் உலகியல் உண்மை இவ்வரிசையிலேயே பொதிந்துள்ளது எனலாம்.

இதற்குச் சான்று தேடி நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. 1880-இல் ஜான் டெய்லர் நிறுவனத்தார் கோலார் தங்கவயலில் சுரங்கத்தொழிலை மேற்கொண்டனர். வட ஆர்க்காட்டுப் பகுதியிலிருந்து தமிழ்த் தொழிலாளர் பெருந்திரளாக வந்து சேர்ந்தனர். நாளடைவில் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழமாயிற்று. வெப்பத்திற்கும் பாறை வெடிப்பிற்கும் இடையே அவர்கள் அகழ்ந்த பொன் பிறர் பெட்டகத்தைச் சேர்ந்தது. ஆயினும் அவர்கள் வாளா இருந்தாரல்லர். கைரேகைப் பதிவை எதிர்த்து 1930-இல் வேலைநிறுத்தம் செய்தனர். துன்பத்திற்குக் கலங்காமை என்பது அநீதிக்குப் பணிதல் ஆகாது என்பதை அச்செயல் காட்டிற்று.

2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பெற்றது. உழைப்பில் குறையில்லை, இடுக்கணோ வந்தது. அம்மக்களுள் பலர் விடியுமுன் புகைவண்டி ஏறி, ஏறத்தாழ 100 கிலோமீட்டர் கடந்து பெங்களூருக்கு வேலைக்கு வரலாயினர்; இரவில் இல்லம் மீண்டனர்.

பிழைப்பு நாடி வந்து நீலசந்திராவில் வேரூன்றிய குடும்பங்களாகிய நாம், "உழைத்தால் உயரலாம்" என்று மட்டுமே பிள்ளைகளுக்குச் சொல்லி வருகிறோம். அது பாதி உண்மையே. தேர்வில் தோற்கும் நாளிலும் வேலை பறிபோகும் நாளிலும் அப்பாதி அவர்களைத் தாங்காது. எனவே, அடுத்த அதிகாரத்தையும் சேர்த்தே கற்பிப்போமாக.